மண்வெட்டிப் படையைக் கலைத்த கதை

வெள்ளாரங்கோட்டையில் மண்வெட்டிப் படையைக் கலைத்த அன்று, கலைக்கிற சடங்கெல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடந்து முடிந்தது, படை கலையாததைத் தவிர.

அந்தப் படைக்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு. எண்ணும் இங்கிலீஷும் சமஸ்கிருதத்தில் ஒரு வாசகமும் சேர்ந்த நீளமான பெயர். ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையாததால் மண்வெட்டிப் படை என்று கூப்பிட்டார்கள், அப்படிக் கூப்பிட்டதிலும் தப்பில்லை. சண்டை போடுகிற படைகளுக்கு முன்னால் போய் ரோடு போடுவதும், பின்னால் போய்க் குழி வெட்டுவதும், நடுவில் கக்கூஸ் தோண்டுவதும்தான் அந்தப் படைக்கு விதித்த வேலை. துப்பாக்கியும் கொடுத்திருந்தார்கள், ஆனால் தேய்ந்ததென்னவோ மண்வெட்டிதான். பனிமலையில் அவர்கள் விரல் மரத்துப்போய் வெட்டிய பாதையில் வேறு படைகள் ஏறிப்போய்க் கொடி நட்டன, பதக்கம் வாங்கின, தபால்தலையில்கூட வந்தன. மண்வெட்டிப் படைக்குக் கை காய்த்தது. பிறகு மண் தோண்ட நல்ல இயந்திரம் வந்துவிட்டது, இனி இந்தப் படை வேண்டாம் என்று டெல்லியில் முடிவாயிற்று. இருக்கும்வரை ஒரு வாய் நல்ல சோறு போடாத வீட்டில் செத்த பிறகு இலை நிறையப் பலகாரம் வைத்துப் படைப்பார்களே, அந்தக் கணக்காக, படை இருந்தபோது எட்டிப் பார்க்காத ஜெனரல் ஒருவர் அதைக் கலைப்பதற்கு ஹெலிகாப்டரில் வந்திறங்கினார்.

மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்து நிழலில், கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு பெண்டாட்டிமார்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி, படையில் நாயக் பதவியில் இருந்த இருளப்பனின் பெண்டாட்டி குருவம்மாள். கழுத்தில் தாலி ஏறிப் பதினைந்து வருஷமாகியும், அவன் வந்துபோன லீவுகளையெல்லாம் ஒட்டுப்போட்டு வைத்துப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறாது. பிள்ளை உண்டாகவில்லை என்று ஊரில் அவளைத்தான் பேசினார்கள், லீவை யாரும் பேசவில்லை. இன்றோடு அந்தத் தொல்லை விட்டது. டிரங்குப் பெட்டி இரண்டும் கட்டியாகிவிட்டது. இரண்டு மணிக்கு நெடுங்கரிசலுக்குப் புறப்படும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ரெண்டு பேர் சீட்டைப் பிடித்து வைக்கும்படி கண்டக்டரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். சன்னலோரம் எனக்குத்தான் என்று இருளப்பனிடம் சண்டை போட்டு, சரி என்று சொல்ல வைத்துமிருந்தாள். ஊரில் ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று, வானம் பார்த்த பூமி கொஞ்சம். அதில் அவனும் அவளும் ஒரு குழம்பை இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, ஒரே கூரையின்கீழ் கிழடாக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

படை கலைகிறபோது செய்ய வேண்டிய சடங்குகள் நூறு வருஷமாக எழுதி வைக்கப்பட்டவை. ஒவ்வொருவனாக நடந்து வந்து கொடிமரத்தடியில் தன் மண்வெட்டியை வைத்துவிட்டுத் திரும்ப வரிசைக்குப் போனான். மண்வெட்டிகள் சின்னக் கரடாகக் குவிந்தன. பிறகு கொடியை இறக்கினார்கள், சுருட்டினார்கள், தோலுறைக்குள் செருகி வாய்க்கட்டுப் போட்டார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு வண்டி போய்விட்டது. இனி மிச்சம் ஜெனரலின் பேச்சும், படைத்தலைவர் கர்னல் ரத்தினசபாபதி சொல்ல வேண்டிய கடைசிச் சொல்லும்தான். அந்தச் சொல் விசர்ஜன். போகலாம் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் படை வலதுபக்கம் திரும்பி, ஒரு சல்யூட் அடித்து, வரிசையை உடைத்துக்கொண்டு அவனவன் பாட்டைப் பார்க்கப் போய்விடும்.

ஜெனரல் பேசினார். மண்வெட்டியின் பெருமையைப் பேசினார், மண்ணின் பெருமையைப் பேசினார், தன் தாத்தாவின் பெருமைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவர் முடித்து, எல்லோரும் கை தட்டி, கர்னல் முன்னால் வந்து, மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, சொல்லுக்காக வாயைத் திறக்கிற நேரத்தில் நகராட்சிச் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணி. அந்த ஊரில் அரிசி ஊறப்போடுவதும் ஆபீஸ் பூட்டுவதும் அந்தச் சங்கை வைத்துத்தான். கர்னலின் பக்கத்தில் நின்ற சுபேதார் மேஜர் அவர் காதில் குனிந்து சொன்னார்: “சாப், ஆர்டர்படி பன்னெண்டு மணியோட படை இல்ல.”

கர்னல் ரத்தினசபாபதி விதி என்றால் விதி என்கிற மனிதர். கூடாரம் பற்றி எரிந்தபோது அணைக்கலாமா என்று எழுத்தில் உத்தரவு கேட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. திறந்த வாயை மூடினார். எதிரே இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள், அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஆனால் அவர்கள் இப்போது படை இல்லை. இல்லாத படைக்கு உத்தரவு போடுவது விதிமீறல் அல்லவா. அவர் மனசுக்குள் கணக்குப் பார்த்து, அது மீறல்தான் என்று தீர்மானித்து, திரும்பி நடந்து ஜீப்பில் ஏறிவிட்டார். ஜெனரலுக்குச் சாப்பாட்டு நேரம். ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதி அடங்கியபோது மைதானத்தில் அதிகாரி என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. படை மட்டும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

பெண்டாட்டிமார் காத்திருந்தார்கள். ஒரு மணியாயிற்று. இரண்டாயிற்று. நெடுங்கரிசல் பஸ் ரோட்டில் நின்று நெடுநேரம் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. குருவம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, மூன்றாம் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்ற தன் புருசன் முன்னால் போய் நின்றாள்.

“என்னங்க, பஸ்ஸு போயிருச்சு.”

இருளப்பனின் நெற்றியில் வேர்வை வழிந்தது. மூச்சு வந்தது போனது. கண் மட்டும் அவளைத் தாண்டி எங்கோ நேராகப் பார்த்தது. கைகள் காற்சட்டைத் தையலோடு ஒட்டியிருந்தன. அவள் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தூணை இழுத்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் மற்ற பெண்டாட்டிமாரும் அவரவர் ஆளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மழை தூறியது, நின்றார்கள். மறுநாள் வெயில் கொளுத்தியது, நின்றார்கள். வாயருகே சோற்றைக் கொண்டுபோனால் வாய் திறக்கவில்லை, வயிறும் ஒட்டவில்லை. முடியும் நகமும் மட்டும் அதன்பாட்டுக்கு வளர்ந்தன. நாவிதர் ஒருவர் வாரம் ஒருமுறை வரிசையாகச் சவரம் செய்துகொண்டே போனார், இந்தக் கடைசிக்குப் போய்ச் சேரும்போது அந்தக் கடைசியில் மறுபடி முளைத்திருக்கும். இது எப்படி, ஏன் என்றெல்லாம் வெள்ளாரங்கோட்டையில் ரொம்பப் பேர் கேட்கவில்லை. உத்தரவு வரவில்லை, நிற்கிறார்கள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்றார்கள். தாலுகா ஆபீஸில் கையெழுத்துக்காக வருஷக்கணக்கில் நின்று பழகிய ஊர் அது.

டெல்லிக்கு மனு போட்டார்கள். பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் படைப்பிரிவு கலைக்கப்பட்டுவிட்டபடியால் அது எந்த இடத்திலும் நிற்க இயலாது என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து கூட்டம் கூடக் கூடாது, கலைந்து போங்கள் என்று மெகாபோனில் சொல்லிப் பார்த்தார். போலீஸ் சொன்னால் பட்டாளம் கேட்குமா? அவரும் கொஞ்ச நேரம் எதிரில் நின்றார், பிறகு வெட்கமாகப் போயிருக்க வேண்டும், ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் கழித்து மைதானம் நகராட்சிக்கு வந்தது. சேர்மன் வடமலை அதில் புதுப் பஸ் ஸ்டாண்டு கட்டினார். படையை நகர்த்த முடியாததால் அதைச் சுற்றியே கட்டினார்கள். முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் மதுரை பஸ் நின்றது, மூன்றாம் வரிசைக்கு நேரெதிரே நெடுங்கரிசல் பஸ். வெளியூர்க்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அடுத்த தடவை வந்தபோது சிப்பாய்களின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். ஓர் இட்லிக்கடைக்காரன் லான்ஸ் நாயக் ஒருவரின் தோளில் கொடிக்கயிற்றைக் கட்டித் துணி காயப்போட்டான். சினிமா நோட்டீஸ் ஒட்டினார்கள், தேர்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை முதுகிலேயே ஒட்டினார்கள். சுதந்திர தினத்துக்கு மட்டும் அதையெல்லாம் கிழித்துவிட்டு மாலை போட்டார்கள். போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கப் போகிற பையன்களைத் தாய்மார்கள் கூட்டிவந்து சிப்பாய்களின் காலில் விழ வைத்தார்கள். வேலை கிடைத்தவன் தேங்காய் உடைத்தான், கிடைக்காதவன் அடுத்த வரிசையில் வேண்டிக்கொண்டான். சித்திரையில் படைத்திருவிழா என்று ஒன்று தொடங்கியது. ராட்டினம் வந்தது, கரகாட்டம் வந்தது. மந்திரி ஒருவர் வந்து, இவர்களைப் போல நாமும் நின்ற நிலையில் நிற்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தார்.

பெண்டாட்டிமாருக்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. படைவீட்டம்மா என்றார்கள். ரேஷன் கடையில் முன்னால் விட்டார்கள், திருவிழாவில் முதல் தட்டு அவர்களுக்குக் கொடுத்தார்கள். பென்சன் வரவில்லை, வாங்கக் கையெழுத்துப் போட வேண்டிய கை காற்சட்டையோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் அந்த வாழ்க்கை பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டு சீத்தாலெச்சுமி, அந்தக் கொடிக்கயிறு கட்டின லான்ஸ் நாயக்கின் பெண்டாட்டி, வெளிப்படையாகவே சொன்னாள்:

“எந்தங்கச்சி புருசன் வீட்டுல இருந்துக்கிட்டே குடிச்சுட்டு வந்து அடிக்கான். எம்புருசன் அப்பிடியா மதினி? வச்ச எடத்துல நிக்காக. எங்க போனாகளோன்னு தேட வேண்டாம், எவ கூடப் போனாகளோன்னு பயப்பட வேண்டாம்.”

“எனக்கு வச்ச எடத்துல நிக்க புருசன் வேண்டாம் மதினி. அதுக்குக் குத்துவெளக்குப் போதும்” என்றாள் குருவம்மாள்.

அவள் மட்டும் திருவிழாத் தட்டை வாங்கவில்லை. வெள்ளாரங்கோட்டையிலேயே ஒரு வாடகை வீட்டில் தங்கி, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, தினமும் மத்தியானம் மோர்த் தூக்கோடும் குடையோடும் வந்து மூன்றாம் வரிசையில் நின்றாள். அவன் முகத்தைத் துடைத்தாள், முதுகில் ஒட்டிய நோட்டீஸைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டினாள், மோரை உதட்டில் வைத்துப் பார்த்தாள். அது வழிந்து சட்டையில் இறங்கியது. நெடுங்கரிசல் வீட்டில் ஓடு சரிந்ததைச் சொன்னாள், கிணற்றில் பக்கத்துக்காரன் மோட்டார் இறக்கியதைச் சொன்னாள், திட்டினாள், அழுதாள், மறுபடி துடைத்தாள். அவள் கால் வெடித்தது, குடை பிடித்த தோள் இறங்கிப்போனது, தலை நரைத்தது. அவனுக்கும் நரைத்தது. இரண்டு மணிக்கு நெடுங்கரிசல் பஸ் கிளம்பும்போது மட்டும் அவள் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. அதை நினைத்தால் சொல்கிறவர்களுக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி எரிந்திருக்கும்.

கடைசியில் விலாசம் விசாரித்துக்கொண்டு, கோயம்புத்தூரில் ஓய்வாக இருந்த கர்னலைத் தேடிப் போனாள். மாடி வீட்டின் பால்கனியில் தொட்டிச்செடிகளை உயரவாரியாக வரிசைப்படுத்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை.

“அய்யா வந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டுப் போயிருங்கய்யா. உங்க காலுல விழுறேன்.”

“சொல்லக்கூடாதுன்னு இல்லம்மா. எனக்கு அதிகாரம் இல்ல. இல்லாத யூனிட்டுக்கு நான் எப்படி ஆர்டர் கொடுக்க முடியும்?” என்றார் கர்னல். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வரிசை நேரா இருக்கா?”

“இருக்குங்கய்யா. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.”

அவர் கண் கலங்கிவிட்டது. “சபாஷ்” என்றார், அவளைப் பார்த்து அல்ல. வாசல்வரை கொண்டுவந்து விட்டபோதுதான் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். “பரேடுல நிக்கிறதுதான் சிக்கல். இதுவே காவல் டியூட்டியா இருந்தா ஆர்டரே வேண்டாம். பதிலுக்கு ஒருத்தன் வந்து நின்னா, நின்னவன் போயிடலாம். இடம் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

குருவம்மாள் அந்த வார்த்தையை முடிந்துகொண்டு வந்தாள். பரேடுக்கும் காவலுக்கும் உள்ள வித்தியாசம் கர்னலுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சும்மா இருந்திருப்பாள். மறுநாள் மத்தியானம் மோர்த்தூக்கைக் கீழே வைத்தாள். இருளப்பனின் பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றாள், குதிகாலைச் சேர்த்தாள், கையைச் சேலையோடு ஒட்டினாள், நேராகப் பார்த்தாள்.

“நான் வந்துட்டேன். நீங்க போங்க.”

இருளப்பன் ஒரு நெடுமூச்சு விட்டான். ஓர் அடி முன்னால் வைத்தான். அவள் பக்கவாட்டில் நகர்ந்து அவன் நின்ற தடத்தில் நின்றாள். பஸ் ஸ்டாண்டு முழுக்க வாயடைத்துப் பார்த்தது. அவன் அவள் முன்னால் வந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கெடுத்து, ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தையாகக் கேட்டான்:

“வீட்டுச் சாவி எங்க?”

சாவிக்கொத்து அவள் இடுப்பில் செருகியிருந்தது. அவனே எடுத்துக்கொண்டு போனான். ஒரு நாள் அவன் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வரட்டும், மறுநாள் அவன் நிற்கட்டும், ஒருநாள் விட்டு ஒருநாளாவது மனுசனாக இருக்கட்டும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

மறுநாள் வந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டான். “கால் மரத்துக் கெடக்கு. நாளைக்கு நான் நிக்கேன்” என்றான். அடுத்த நாள் நெடுங்கரிசல் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறேன் என்றான். அதற்கடுத்த நாள் வரவில்லை. அதற்குள் மற்ற வீடுகளிலும் வழி தெரிந்துபோயிற்று. ஆனால் அவர்கள் குருவம்மாளைப் போல அசடுகளில்லை. கொழுந்தனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், சொன்ன பேச்சுக் கேட்கும் தூரத்துச் சொந்தத்தை நிறுத்தினார்கள். காசு இருந்தவர்கள் செங்கல் சூளையிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்து நிறுத்தினார்கள். திருவிழாவும் ராட்டினமும் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த சேர்மன் வடமலை, யார் நின்றால் என்ன, வரிசை நிறைந்திருந்தால் சரி என்று ஆள் நிறுத்துவதற்குக் காண்ட்ராக்ட் விட்டுவிட்டார். நிற்கிறவர்களுக்குச் சோறு போட வேண்டாம் என்பது காண்ட்ராக்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பட்டாளத்தான்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். சீத்தாலெச்சுமியின் புருசன் வீட்டுக்குப் போன வாரத்திலேயே குடிக்க ஆரம்பித்தான்.

புது ஆட்களை நேராக நிறுத்த விவரம் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. நெடுங்கரிசலில் மழையில்லை, இருளப்பனுக்கு மண்வெட்டியும் அணிவகுப்பும் தவிர வேறு தெரியாது. அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. காக்கி உடுப்பும் பிரம்பும் கொடுத்தார்கள். காலையில் ஒருமுறை சாயங்காலம் ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து, சரிந்த தோளைத் தட்டி, வளைந்த முழங்காலைப் பிரம்பால் தொட்டு நிமிர்த்தினான். மூன்றாம் வரிசைக்கு வரும்போது குருவம்மாளையும் அப்படித்தான் பார்த்தான்.

“நாடிய உசத்து” என்று பிரம்பு நுனியால் அவள் முகவாயைத் தொடுவான்.

குருவம்மாள் நின்றாள். நிற்பது எப்படி இருக்கும் என்று ஒன்பது வருஷம் அவள் நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள், கால் கடுக்குமே, நா வறளுமே, வெயில் சுடுமே என்று. அப்படி ஒன்றுமே இல்லை. பசியில்லை, தாகமில்லை, வலியில்லை. தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், அடுத்தவள் பாத்திரம் தேய்க்க வேண்டாம், நாளைக்கு என்ன என்று யோசிக்க வேண்டாம். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு சொகுசாக இருந்ததே இல்லை. இந்தச் சொகுசுக்கா நான் குடை பிடித்தேன் என்று முதலில் திகைத்தாள். அந்தத் திகைப்பு மெல்லக் கசந்தது, கசந்து அடிநாக்கிலேயே நின்றது. நின்றவனுக்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் எல்லாம் போயிருக்கிறது.

ஒரு நாள் ஈ ஒன்று அவள் பாதத்தில் உட்கார்ந்தது. பெருவிரலை அசைத்தாள். அசைந்தது. ஈ பறந்துபோனது.

மறுபடி அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. கணுக்காலை, முழங்காலை, சேலையோடு ஒட்டிய கையை ஒரு நூல் அளவு. எல்லாம் அசைந்தன. எந்த மந்திரமும் எந்த விலங்கும் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள், நடுவில் நாம் அசைந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒன்றுதான் பிடித்திருந்தது. அன்று முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் மத்தியானம் சேர்மன் வருகிறார் என்று இருளப்பன் அவசரமாக வரிசை பார்த்துக்கொண்டு வந்து, அவள் முழங்கையைத் தொட்டு நேராக்கியபோது, உதடு பிரியாமல் கேட்டாள்:

“ஏங்க, நிக்கயில உங்களால நகர முடிஞ்சுச்சா?”

இருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். “மெதுவாப் பேசு.”

“முடிஞ்சுச்சா, இல்லையா?”

அவன் பிரம்பைக் கைமாற்றினான். முகத்தில் பொய் சொல்கிறவனின் களை இல்லை, அவள் அதையாவது எதிர்பார்த்தாள். “மொத ஆளா யாரு நகர்றது?” என்றான். “அத்தன பேரு நிக்காக. நான் ஒருத்தன் மட்டும் எப்பிடி?”

“நான் மோரு கொண்டாந்தது தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு.”

“நான் அழுதது?”

“தெரிஞ்சுச்சு குருவு. காது நல்லாத்தான் கேட்டுச்சு.”

“ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கலாம்ல?”

“வரிச கெட்டுரும்” என்றான் இருளப்பன். அதை ஒரு நியாயமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் நாடியை இரண்டு விரலால் தொட்டு உயர்த்தினான்.

குருவம்மாள் அவன் விரலை விலக்கிவிட்டாள். கையைச் சேலையிலிருந்து எடுத்து முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். யாரும் அவளுக்கு நில் என்று உத்தரவு போட்டதில்லை, அதனால் போ என்று யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. வரிசையைவிட்டு வெளியே வந்து, தூணோரம் கவிழ்ந்துகிடந்த மோர்த்தூக்கை எடுத்துக்கொண்டாள். அவன் இடுப்பு வளையத்தில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து நெடுங்கரிசல் வீட்டுச் சாவியைக் கழற்றினாள். மற்றதை அவனுக்கே விட்டாள். பிறகு எதிரே இருந்த பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தாள்.

“தம்” என்றான் இருளப்பன். அது நில் என்கிற உத்தரவு. பட்டாளத்தில் அந்தச் சொல்லுக்கு லாரிகூட நிற்கும். அவள் நடந்துகொண்டிருந்தாள். “குருவு, எடம் காலியா இருக்கு. சேர்மன் வாராரு. குருவு.”

இரண்டு மணி பஸ் இன்ஜினைப் போட்டுவிட்டது. டிரைவருக்குப் பின்னால் ரெண்டு பேர் சீட்டு காலியாக இருந்தது. அவள் சன்னலோரமாக உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலுக்கு நேரே மூன்றாம் வரிசை தெரிந்தது, அதில் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. இருளப்பன் அதன் முன்னால் நின்றான். பஸ்ஸைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். இடதுபக்கம் ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை பார்த்தான். கண்டக்டர் படியில் நின்று, “நெடுங்கரிசல், நெடுங்கரிசல், வாறவுக வரலாம்” என்று இரண்டு தடவை சத்தம் போட்டார். பத்தே அடி எடுத்து வைத்தால் வந்துவிடலாம். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, எல்லாம் தெரிந்த பிறகும் அடித்துக்கொண்டது, அதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இருளப்பன் பிரம்பைக் கீழே வைத்தான். பின்னால் ஓர் அடி எடுத்து வைத்து ஓட்டைக்குள் போய் நின்றான். குதிகால் சேர்ந்தது. கை காற்சட்டையோடு ஒட்டியது. வரிசை சரியாகிவிட்டது. அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பஸ் பின்னால் வாங்கி, படையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குத் திரும்பியது. கீரைக்கட்டோடு ஏறிய ஒரு பெண் பக்கத்துச் சீட்டைக் காட்டி, “ஆளு வாராகளாக்கா?” என்று கேட்டாள்.

“வரல” என்றாள் குருவம்மாள். “நீ உக்காரு.”